47ஆம் மேசையில் இரண்டு காலிக் கதிரைகள்

"கப்பலில் இரவுச் சாப்பாடு: பயணிகளுக்கான அறிவுறுத்தல்கள்" என்று தலைப்பிட்ட தட்டச்சுத் தாள் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. அது என் கைக்கு வந்த நாளை மேல் மூலையில் குறித்திருக்கிறேன்: ஜனவரி, மூன்றாம் ஞாயிறு, மாலை நான்கு மணி, கண்டி. அதன் ஐந்தாவது வரி இது: "இரண்டாம் நாள் விசேஷ இரவு. ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும். வேட்டி, சாரம் அணிந்தவர்கள் மண்டபத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்." இதைப் படிக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். எல்லோருக்கும் அதுதான் முதல் கப்பல் பயணம். பயண முகவருக்குத் தொலைபேசி ஓயவில்லை. நான் முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு கிடந்தவன் என்று தெரிந்து, தாளை என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். எனக்கும் அதில் ஒரு பெருமை. எழுந்து நின்று, உரத்த குரலில் வாசித்தேன்.

சாப்பாடு இரண்டு தடவையாக நடக்கும். ஆறு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. நமக்குரிய நேரமும் மேசை இலக்கமும் அறை அட்டையில் இருக்கும். கடைசி நாள்வரை அதே மேசை, அதே வெயிட்டர். தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். மரக்கறிச் சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். மேல்தளத்தில் நாமே எடுத்துச் சாப்பிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே உடுப்புக்கு விதி இல்லை.

"கல்யாண வீடு மாதிரித்தான்," என்றார் என் மச்சான். "முதல் பந்தியிலேயே உக்காந்துரணும். ரெண்டாம் பந்திக்குப் பாயாசம் தண்ணியாப் போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கண்டியில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். பயணத்தின் இரண்டாம் நாள் அவருக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பது வருடமும் கடை அடைத்து வரும் கணவருக்கு நின்று பரிமாறிவிட்டுப் பிறகு தனியாகச் சாப்பிட்டவர். "ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, யாராவது பரிமாறிச் சாப்பிடணும்" என்று அவர் என் மனைவியிடம் சொன்னதிலிருந்துதான் இந்தப் பயணமே தொடங்கியது.

ஐந்தாவது வரியை வாசித்ததும் மச்சான் கேட்டார்: "பட்டு வேட்டி கூடவா?"

"எழுதியிருக்கே, மச்சான்."

முதல் மாலை நன்றாகவே போனது. 47ஆம் மேசையில் நாங்கள் நால்வர். அக்கா பழக்கத்தில் எழுந்து, வெயிட்டரின் கையிலிருந்த கரண்டியை வாங்கப் போனார். அவன் சிரித்துக்கொண்டே கதிரையைக் காட்டி அமரச் சொன்னான். மறுநாள் என்ன நாள் என்பதை என் மனைவி அவன் காதில் போட்டு வைத்தாள்.

இரண்டாம் நாள் மாலை, ஐந்து நாற்பது. எங்கள் குழு முழுவதும் நடைவழியில் கூடியிருந்தபோது மச்சான் அறையை விட்டு வெளியே வந்தார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. பின்னால் கூறைப்புடவையில் அக்கா.

"கோட்டு எங்க மச்சான்?"

"இரவல் வாங்கிட்டுத்தான் வந்தேன். போட்டுப் பாத்தேன். கண்ணாடியில வேற எவனோ நிக்கிறான்."

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தேன். ஐந்தாவது வரியை எல்லோர் முன்னாலும் மறுபடி வாசித்தேன். "வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பினா நம்ம எல்லாருக்கும் கேவலம்," என்றும் சொன்னேன்.

மச்சான் முகம் சிறுத்துப் போனது. "சரி, நீங்க போங்க. நாங்க பாத்துக்குறோம்," என்றார். அக்கா அவர் பின்னால் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மேசையில் இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன. வெயிட்டர் சின்ன கேக் ஒன்றைக் கொண்டுவந்து, அந்தக் கதிரைகளுக்கு முன்னால் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு மேசை தள்ளி ஒரு பர்மாக்காரர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் நம் சாரத்தைப் போன்ற பட்டுடை, மேலே குட்டைச் சட்டை. அவரை யாரும் தடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெயிட்டரிடம் கேட்டேன். அவன் கப்பலின் அன்றைய நிகழ்ச்சித் தாளை எடுத்துக் காட்டினான். விசேஷ இரவு உடை: கோட், டை, அல்லது உங்கள் நாட்டு உடை. பிற்பகல் இரண்டு மணிக்கே எல்லா அறைக் கதவுக்கு அடியிலும் போட்டுவிட்டோமே, என்றான்.

போட்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். மூலையில் திகதி எழுதி, மடிக்காமல் பத்திரமாகக் கோப்பில் வைத்தேன். ஒரு வரி படிக்கவில்லை.

அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மச்சானின் அறைக்கு ஓடினேன். மச்சான் சாரத்துக்கு மாறிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அதே கூறைப்புடவையில், நின்றபடி, ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

தாளைக் காட்டினேன். மச்சான் நிதானமாகப் படித்தார்.

"கதவு சாத்தியிருப்பாங்களே. பதினஞ்சு நிமிஷம்னு நீங்கதானே வாசிச்சீங்க."

"நான் பேசித் திறக்கச் சொல்றேன். வாங்க மச்சான். அக்கா, வாங்க."

"வேணாம். திரும்ப உடுத்துறதுக்கு மனசு வரல," என்றார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மீதி நாட்களும் அவர்கள் மேல்தளத்தில்தான் சாப்பிட்டார்கள். அங்கே பரிமாற யாரும் இல்லை.

கப்பலிலிருந்து இறங்கிக் கண்டிக்குத் திரும்பும் வழியில் கடுகண்ணாவையில் தேநீருக்கு பஸ்ஸை நிறுத்தினோம். மச்சான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அஞ்சாவது வரி என்ன சொல்லுது? டீ குடிக்கலாமா?" பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முகவரின் கதவைத் தட்டினேன். அந்த வரி கப்பல் கம்பனியின் கொழும்பு அலுவலகம் அனுப்பிய தாளிலேயே இருந்தது, அதைத் தமிழாக்கக் கொடுத்தது மட்டும்தான் தன் வேலை என்று அவர் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "யார் எழுதினா என்ன சார்? கோட்டுப் போட்டாத்தானே நம்ம ஆளுங்களுக்கும் ஒரு மதிப்பு," என்றார். என் வாழ்நாளில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. கீழே கடைக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். கப்பல்காரன் வேண்டாம் என்று சொல்லாத வேட்டியை, நம்மை நாமே குறைத்து எண்ணும் புத்தி வேண்டாம் என்றிருக்கிறது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கொழும்புக்கு எழுதினேன். முகவருக்குத் தாங்கள் அனுப்பிய ஆங்கிலத் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை என்று பதில் வந்தது. மூலத்தின் பிரதியைக் கேட்டு இருமுறை எழுதியும் அனுப்பவில்லை. ஆகவே அந்த வரியை எழுதியவர் யார் என்பது உறுதிப்படவில்லை என்றே என் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். அதை வாசித்தவர் யார் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. கூறைப்புடவையில் தட்டோடு நின்ற அக்காவின் நினைவு வரும்போதெல்லாம், நான் முகவரைத் திட்டிய திட்டில் பாதி எனக்கு உரியது என்று தோன்றுகிறது.