பதினான்காம் எண் லாரி

அத்தான் நடமாடிக்கொண்டிருந்தவரை அக்கா டயர் கடையின் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தாள். லாரிச் சக்கரம் ஒன்று உருண்டு வந்து அவர் இடுப்பில் மோதிப் படுக்கையில் போட்ட அன்று, கல்லாவைப் பூட்டிவிட்டு டயர் கழற்றும் லிவரைக் கையில் எடுத்தாள். நாலு வருஷத்தில் அத்தான் போய்ச் சேர்ந்தார். லிவர் அவள் கையிலேயே தங்கிவிட்டது. "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டு வரும் டிரைவர்களிடம், "இருக்கான், உள்ள தூங்கறான். டயரைக் கழட்டவா, அவன் எழுந்திரிக்கற வரைக்கும் நிக்கறீங்களா?" என்பாள். உள்ளே யாரும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருவனும் மறுபேச்சுப் பேசியதில்லை.

டயரைக் கையால் ஒரு தடவு தடவினால் போதும், வண்டியின் ஜாதகமே சொல்லிவிடுவாள். இவன் பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறவன், இவன் ஒரு பக்கமாகச் சுமை ஏற்றுகிறவன், இந்த வண்டி ஆறு மாதமாக வெயிலில் நிற்கிறது. எனக்கு இந்த ஞானமெல்லாம் கிடையாது. நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறேன் என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வாள்.

ஒருநாள் லிவர் போடும்போது வளையல் மாட்டி மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. மறுநாளே ஆறு தங்க வளையல்களையும் விற்றுவிட்டு வந்து, "இதை என்னடா பண்ணலாம்?" என்று கேட்டாள். தங்கம் விற்ற காசைத் தங்கத்திலேயே போடலாம் என்று ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கைக் காட்டியவன் நான்தான். நானும் வாங்கினேன். அதன்பின் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவள் அதிலேயே போட்டாள். எட்டு வருஷத்தில் தங்கத்தின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. எங்கள் பங்கு வாங்கின இடத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. வளையலைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால்கூட இரட்டிப்பாகியிருக்கும். அக்கா ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அதே பங்கை வைத்திருந்த இன்னும் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு வருவார்கள். கண் பரிசோதிக்கும் அறையில்தான் கூட்டம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு பல் டாக்டர், அப்புறம் சதி. சதி என்பது பேர் இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 'இதுல ஒரு சதி இருக்கு' என்பார், அதனால் அந்தப் பட்டம். எங்களுக்குள் ஒரே ஒரு விதி இருந்தது. யாராவது விற்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும். ரகசியமாக விற்றுவிட்டு மற்றவர்களை மாட்டிவிடக் கூடாது. விதியை எழுதி வாசித்தவனும் நான்தான்.

அந்த வருஷம் அக்காவுக்கு நெருக்கடி வந்தது. கடை இருந்த கட்டடத்தை உரிமையாளர் விற்க முடிவு செய்தார். இருபது வருஷ வாடகைக்காரி என்பதால் முதல் உரிமை அவளுக்கு. ஆனால் நான்கு மாதத்துக்குள் முழுப்பணம் வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சேமிப்போடு பங்குகளை அன்றைய விலைக்கு விற்றால் இழுத்துப் பிடித்துச் சரியாக வரும். விலை கொஞ்சம் ஏறினால் மூச்சு விடலாம். இறங்கினால் கடை கைவிட்டுப் போகும்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாதம் சூடு பிடித்தது. வாத்தியார் ஒரு வரைபடத்தாளில் தங்கத்தின் விலைக்கு மஞ்சள் கோடும் பங்கின் விலைக்குக் கறுப்புக் கோடும் போட்டுக் கொண்டுவருவார். மஞ்சள் மாடி ஏறிக்கொண்டிருக்கும். கறுப்பு தரையில் படுத்திருக்கும்.

"தங்கம் நூத்துக்குப் பத்து ஏறினா நம்ம பங்கு இருபது ஏறணும். வெட்டற செலவு அப்படியே இருக்கு, விக்கற விலைதான் ஏறுது. ஏறினது முழுசும் லாபம். இது கணக்கு," என்றார் வாத்தியார்.

"கணக்கு சரிதான். பங்குதான் படிக்கல," என்றாள் அக்கா.

"பெரிய பெரிய கைகள் அமுக்கி வச்சிருக்காங்கம்மா," என்றார் சதி. "நம்மள மாதிரி ஆளுங்க அலுத்துப்போய் வித்ததும் மொத்தமா அள்ளிக்குவாங்க."

டாக்டர் பல் பிடுங்குமுன் பேசுகிற அதே குரலில், "இந்தக் கம்பெனியோட அருமை மார்க்கெட்டுக்கு இன்னும் தெரியல. கொஞ்சம் பொறுத்துக்கணும்," என்றார்.

"எட்டு வருஷம் பொறுத்தாச்சு. இந்த அறையில உக்காந்திருக்கற அஞ்சு பேருக்குத் தெரிஞ்சது உலகத்துல வேற யாருக்குமே தெரியலையா டாக்டர்? நமக்குத் தெரியாதது ஏதோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஒருநாளாவது நெனச்சீங்களா?"

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "இது டயர் இல்லம்மா, கம்பெனி," என்றார்.

போகும்போது அக்கா என் அலமாரியிலிருந்த ஆண்டறிக்கைகளைப் பூராவும் அள்ளிக்கொண்டு போனாள். நாங்கள் அந்தப் புத்தகங்களில் பின்பக்கத்து எண்களை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்போம். முன்பக்கத்துப் படங்களைப் புரட்டித் தள்ளிவிடுவோம். எண் படிக்கத் தெரிந்தவர்கள் படம் பார்ப்பதாவது!

கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களைக் கூப்பிடும் பொதுக்கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்று அறிக்கைகளைக் கொண்டுவந்தாள். டயரில் குறி போடுகிற மஞ்சள் சாக்குக்கட்டியால் பக்கங்களில் வட்டம் போட்டிருந்தாள். மூன்று வருஷத்துப் படங்களிலும் பாறை ஏற்றுகிற ஒரு ராட்சச லாரி. கதவில் பதினான்கு என்று எண்.

"இந்தப் பின் டயரைப் பாருங்க. பக்கவாட்டில ஒரு வெட்டு இருக்கா? கோணலா, கொக்கி மாதிரி? போன வருஷப் படத்திலயும் அதே வெட்டு. அதுக்கு முந்தின வருஷமும் அதே வெட்டு. அதே டயர்."

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் டாக்டர்.

"டயர் கம்பெனி ஆளைக் கேட்டேன். சுரங்கத்துப் பாறையில ஓடற டயர் ஒரு வருஷம் தாங்கினாப் பெரிசாம். இது மூணு வருஷமா இருக்கு. தரையில படற பட்டன் கட்டை ஒரு நூல்கூடத் தேயல. அப்படீன்னா என்ன? லாரி ஓடல. பின்னாடி நிக்கற அஞ்சு லாரிக்கும் சக்கரத்தோரம் புல் முளைச்சிருக்கு, பாருங்க. எல்லா லாரியும் ஓடுது, புதுசா வெட்டறோம்னு உள்ள எழுதியிருக்கான். பொய். அப்ப விக்கற தங்கம் ஏது? முன்ன வெட்டி வேணாம்னு ஒதுக்கிப் போட்ட மட்டமான கல்லை அரைச்சு ஒப்பேத்தறாங்க. அது தீர்ந்துட்டா அப்புறம் ஒன்னும் இல்ல. தெரிஞ்சவன் எவனும் இதை வாங்க மாட்டான். அதான் ஏறல."

வாத்தியார் சிரித்தார். படத்தை வைத்துக் கம்பெனியை எடை போடுவதா என்றார். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வெட்டைப் பார்த்தேன். மூன்று படத்திலும் அச்சு அசலாக ஒன்றே. புல்லும் இருந்தது.

எல்லாரும் போன பிறகு அக்காவிடம் சொன்னேன், "நாளைக்கே வித்துடுக்கா. கடையை வாங்கிடலாம்."

"கூட்டத்துல கேட்டுட்டுத்தான் விப்பேன்."

"கேட்டா விலை விழும். கடை போயிடும்."

"இப்ப வித்தா வாங்கறவன் யாருடா? இன்னொரு ஊர்ல இன்னொரு டயர் கடைக்காரி. நொண்டி டயருக்குப் பாலிஷ் போட்டு என் கையால ஒருத்தருக்கும் வித்ததில்ல. இதை மட்டும் விப்பேனா? அதுவும் இல்லாம, வித்துட்டா என்னை அந்தக் கூட்டத்துக்குள்ள விட மாட்டான். பங்கு இருக்கறவளுக்குத்தான் வாய் இருக்கு."

தலைகீழாக நின்று பார்த்தேன். அவள் அசையவில்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரில் இல்லாத நேர்மை, என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை என் பங்குகள் முழுவதையும் விற்றேன். அக்காவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உட்கார்ந்து கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

கூட்டம் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. வாசலில் பார்க்கும் பங்குதாரர் பட்டியல் மாத ஆரம்பத்தில் தயாரானது, அதனால் அக்கா நினைத்ததற்கு மாறாக, விற்ற பிறகும் என் பேர் அதில் இருந்தது. கேள்வி கேட்க ஆளுக்கு இரண்டு நிமிஷம். மூன்றாம் வரிசையில் அக்கா எழுந்து மைக்கைப் பிடித்தாள். லிவரைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் டயர் கடை வச்சிருக்கேன். உங்க பதினாலாம் நம்பர் லாரிக்கு மூணு வருஷமா ஒரே டயர். எப்படி?"

அரங்கில் சிரிப்பு. மேடையிலிருந்த கம்பெனித் தலைவரும் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. அச்சடிக்கறவங்க பழைய படத்தையே மறுபடி போட்டுட்டாங்க. கவனிக்கச் சொல்றேன்."

"பழைய படம் இல்லீங்க. முதல் வருஷப் படத்துல லாரிங்களுக்குப் பின்னாடி வெட்டவெளி. ரெண்டாவதுல பாதிக் கட்டடம். மூணாவதுல கூரை போட்டு முழுக் கட்டடம். படம் புதுசு. டயர்தான் பழசு."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். சிரித்தவர்களில் பலர் தங்கள் கையிலிருந்த அறிக்கையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்கு என் அக்காவை நினைத்துக் கர்வப்பட்டேன். கர்வப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரிந்தே இருந்தது.

பத்திரிகைக்காரன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் வாரம் கம்பெனி வாயைத் திறந்தது. 'சில வாகனங்கள் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன' என்றார்கள். பங்கு பாதிக்கும் கீழே விழுந்தது. வாத்தியார் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். அக்காவை அனுப்பி வைத்ததே பெரிய கைகள்தான் என்றார் சதி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அத்தோடு நின்றது.

கெடு முடிய எட்டு நாள் இருந்தபோது அக்கா என் கடைக்கு வந்தாள். எவ்வளவு குறைகிறது என்று சொன்னாள். யாரிடமாவது கைமாற்றாகக் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தத் தொகை என் வங்கியில் கிடந்தது, கொஞ்சம் மேலேயே கிடந்தது. கொடுத்தால் ஏது என்று கேட்பாள். நானும் அதே பங்கோடு சேர்ந்து விழுந்தவன் என்றுதானே அவளுக்கு நினைப்பு. "எங்கிட்டயும் எல்லாம் அதுலதானேக்கா இருந்துச்சு," என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "உன்னையும் சேத்துக் கவுத்துட்டேன்டா," என்றாள். அந்த வார்த்தைக்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கட்டடத்தை வேறொருவர் வாங்கினார். அக்கா கம்ப்ரசரைப் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை, தண்ணீர் வாளியில் சுமந்து வர வேண்டும். ஒருநாளும் அழவில்லை. "அந்தத் தலைவன் மூஞ்சி போன போக்கு இருக்கே, அதுக்கே குடுக்கலாம்டா ஒரு கடை," என்று சொல்லிச் சிரித்தாள். விழுந்து கிடந்த பங்குகளை விற்றுவிடச் சொன்னபோதும் மாட்டேன் என்றாள். அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டுமாம்.

போன மாதம் அந்தக் கூட்டம். நானும் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். வராவிட்டால் ஏன் என்று கேட்பாள் அல்லவா? உள்ளே கூட்டத்தில் கலந்து நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். வாசல் மேஜையில் இருந்த பெண் அக்காவின் பேரைக் கண்டுபிடித்து அட்டை கொடுத்தாள். என் பேரை மேலிருந்து கீழே தேடினாள், இன்னொரு தடவையும் தேடினாள்.

"உங்க பேர்ல பங்கு எதுவும் இல்லையே சார்."

"நல்லாப் பாரும்மா, ஒம்பது வருஷமா இருக்கு," என்றாள் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். டயரைத் தடவிப் பார்க்கிறவளுக்கு ஒரு முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"எப்ப வித்த?"

"நீ வட்டம் போட்டுக் காட்டின... அந்தச் செவ்வாய்க்கிழமை."

"கடை போனப்போ அந்தக் காசு உங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா என் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். என்னை வழியை விட்டு ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"போன வருஷம் லாரியைப் பத்திக் கேட்டேன். இந்த வருஷம் புத்தகத்துல லாரியே இல்ல. பூந்தோட்டமும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும்தான் இருக்கு. லாரி எங்கீங்க? பதில் சொல்லுங்க, நான் உக்கார மாட்டேன்."