கறுப்புப் பூச்சுக்குள் ஒரு சிவப்புக் கோடு

ஒரு போல்ட் கழன்று விழுந்தால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? பொஸ்த்யாவுக்கு நடந்ததை முதலில் கேட்டபோது இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் தீவில் பொஸ்த்யாவ் ஒரு பைலட். விமானம் ஓட்டுகிறவர் இல்லை. மஞ்சள் மட்கார்டு போட்ட பைக்கில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவர். கோவாவில் அவர்களுக்கு அதுதான் பெயர். கைப்பேசி இன்னும் தீவுக்கு வராத வருஷம் அது.

அவருடைய பைக்கில் காலால் கியர் மாற்றும் மிதிக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடும். கம்பியின் கோடியில் இருக்கும் சின்ன இரும்புக் கையைக் கியர்பெட்டித் தண்டில் இறுக்கிப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட். பைக் அதிர அதிர அது தளரும். அதனால் மனைவி லுதுவினின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, போல்ட் தலையிலிருந்து கை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்துவைத்திருந்தார். கோடு நேராக இருந்தால் போல்ட் திரும்பவில்லை. விலகியிருந்தால் ஸ்பானரை எடுக்கவேண்டும். தினமும் காலையில் ஒரு பார்வை பார்ப்பார்.

திருவிழாவுக்கு மறுநாள் பாதிரியார் வண்டிகளை மந்திரிப்பார். அதற்காக மட்கார்டுக்கு மஞ்சளும் மற்ற இடத்துக்கெல்லாம் கறுப்பும் அடித்தார். கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று கம்பி, கை, போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். ஸ்டாண்டில் மற்ற பைலட்டுகள் விடவில்லை.

"என்ன பொஸ்த்யாவ், பைக்குக்குக் கல்யாணமா?"

"பொண்ணு பார்த்தாச்சு. உன் ஸ்கூட்டர்தான்."

"ஐயோ, அது விதவைடா!"

மூன்று வாரம் போனது. போல்ட்டைச் சுற்றிப் பெயின்டில் வெடிப்பு விட்டிருந்ததை அவர் பார்த்தார். மலிவு பெயின்ட் என்று கடைக்காரனைத் திட்டினார். அதோடு விட்டுவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கித்தேரி மாய் (அம்மாவை எங்கள் பக்கம் மாய் என்போம்) ஓட்டமும் நடையுமாக ஸ்டாண்டுக்கு வந்தாள். முழங்கால் வலிக்காரி. அவள் மகன் அக்னெல் கப்பல் வேலைக்குப் போகிறான், பத்து மாதத்துக்கு. பம்பாய் ரயில் பத்தரைக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன்.

"பையன் விடியக்காலையே கிளம்பிட்டானே மாய்?"

"கிளம்பிட்டான். கையைக் கூப்பி ஆசீர்வாதம் கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நிலத்தை விக்கச் சொன்னான்ல, அந்தக் கோபம். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டான். என் கை படாம வெறும் தலையோட போறான் பொஸ்த்யாவ்."

எங்கள் ஊரில் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்காமல் யாரும் பக்கத்து ஊருக்குக்கூடப் போகமாட்டார்கள். இவன் கடலுக்குப் போகிறான்.

"ஏறு மாய். பத்து மணி ஃபெர்ரியைப் பிடிச்சிடலாம்."

தேவாலய இறக்கத்தில் எல்லா பைலட்டுகளும் நியூட்ரலில்தான் உருட்டுவார்கள். பெட்ரோல் மிச்சம். பொஸ்த்யாவும் உருட்டினார். கீழே சமதரைக்கு வந்ததும் கியர் மிதியை அழுத்தினார். மிதி பிடிப்பில்லாமல் தொங்கியது. குனிந்து பார்த்தால் கம்பி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கை தண்டைவிட்டுக் கழன்றிருந்தது. போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

கியராவது விழட்டும் என்று தண்டை விரலால் திருகினார். எண்ணெயில் வழுக்கியது. கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். அசையவில்லை. இடுக்கி இருந்த பெட்டியோ, பெயின்ட் அடிக்கக் கழற்றினது, வீட்டிலேயே கிடந்தது.

ரொட்டிக்காரன் சைக்கிளில் வந்தான்.

"ஸ்பானர் இருக்கா?"

"சூடா பாவ் இருக்கு."

"அதை வெச்சு இந்தத் தண்டைத் திருகவா?"

சிரித்தவன் மாய் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். "நான் முன்னால போய் ஃபெர்ரியை நிக்கச் சொல்றேன்," என்று வேகமாக மிதித்தான்.

கித்தேரி மாயைப் பைக்கிலேயே உட்காரவைத்துத் தள்ளத் தொடங்கினார் பொஸ்த்யாவ். ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயல், தலைக்கு மேல் வெயில்.

"எப்போ கழண்டுச்சு?" என்று கேட்டாள்.

"தெரியலை மாய்."

"நீதானே ஓட்டினே?"

அது ஒரு நொடியில் விழவில்லை என்பது தள்ளும்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூன்று வாரமாகத் துளித்துளியாகத் திரும்பியிருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய கோட்டை அவரே பூசி மூடியிருக்கிறார். பெயின்ட் தானாக வெடிக்கவில்லை, போல்ட் திரும்பித்தான் வெடித்திருக்கிறது.

துறைக்கு வந்தபோது ஃபெர்ரி நடு ஆற்றில் இருந்தது. ரொட்டிக்காரன் கையை விரித்தான். "கத்தினேன் மாய். சங்கை ஊதிட்டுப் போயிட்டான்." அடுத்தது பத்தரைக்கு, ரயில் கிளம்பும் நேரத்துக்கு.

பொஸ்த்யாவ் தண்டைப் பல்லால் கடித்துக்கூடத் திருகிப் பார்த்தார். சரியானாலும் ஆற்றைத் தாண்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். சும்மா நிற்கத்தான் முடியவில்லை.

பத்து முப்பத்தெட்டுக்குப் பம்பாய் ரயில், துறையிலிருந்து தெரியும் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. மாய் எழுந்து நின்றாள். எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரியாது. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கினாள். "கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும்... கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும்..." பெட்டிகள் வேகமாகப் போயின, அவளால் அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியவில்லை. கடைசி நாலைந்து பெட்டிகள் விட்டுப்போயின.

பிறகு பொஸ்த்யாவைப் பார்த்து, "அதுல இருந்திருப்பானா?" என்றாள்.

அவர் எண்ணெய்க் கையோடு நின்றார்.

இதைப் படித்தவர்கள், பைக் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். மாயின் பெயர் போதும்.