மூச்சு குறைந்தபின் ஆடிய சடுகுடு

எழுபதுகளின் கடைசியில், போடி மைதானத்தில் எதிரணிக் கோட்டுக்குள் நின்றபோது என் பாட்டு அறுந்தது. விலாவில் சுருக்கென்று ஒரு வலி. 'சடுகுடு' என்ற சொல் பாதியில் நின்றது. நடுவர் ஊதிவிட்டார்.

"ஏலக்காப் பொகையில கெடந்தா மூச்சு எப்படி மச்சான் நிக்கும்?" என்றான் அணித்தலைவன் முருகன், என் மனைவியின் தம்பி.

நானும் அப்படித்தான் நம்பினேன். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. அங்கே யார் இருமினாலும் பழியைப் புகைமேல் போட்டுவிட்டு அடுத்த தட்டைப் புரட்டுவோம். அந்த நம்பிக்கையில் மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலோடு ஓட்டினேன். தயவுசெய்து நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றிய உறையில் நீர் கோத்துக்கொள்வது), காரணம் காசநோய் என்றார் டாக்டர். முதுகில் ஊசி இறக்கி நீரை எடுத்தார். வைக்கோல் நிறத்தில் வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். நடுவில் நிறுத்தவே கூடாது என்றார். நான் நிறுத்தவில்லை.

"திரும்ப ஆடலாமா சார்?"

"குணமானா ஆடலாம். ஆனா பழைய மூச்சு முழுசா வருமான்னு சொல்ல முடியாது. உறை தடிச்சுப்போச்சு."

அழுதுவிட்டேன். எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் என்னை மூச்சால்தான் தெரியும். எதிரணிக்குள் போய், சந்தைக்கு வந்தவன்போல் நிதானமாக உலாவுவேன். பொறுமை இழந்து எவனாவது பாய்வான். அவனைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். அந்த ஆட்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது போனால் மிச்சமிருப்பவன் யார்? படுக்கையில் கிடந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்து முடிந்து, டாக்டர் சம்மதித்ததும் களத்தில் இறங்கினேன். பழையபடி உலாவப்போய் ஒவ்வொரு தடவையும் மாட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சிரித்தாள்.

"அங்கயே குடியிருக்கவா போறீக மாமா? தொட்டுட்டு வெரசா வரவேண்டியதுதான?"

வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவள் சொன்னதைத்தான் செய்துபார்த்தேன்! மூச்சு கொஞ்சம்தான் என்பதால், கோட்டைத் தாண்டுமுன்பே எவன் காலை முன்னே வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டியிருந்தது. இத்தனை வருடமாக நான் எதிரே நிற்பவர்களின் கால்களைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

போடியில் அடுத்த பந்தயம். எங்கள் பக்கம் நான் ஒருவன்தான் மிச்சம். பாய்ந்தேன், குனிந்தேன், ஒரு காலைத் தொட்டேன், திரும்பிவிட்டேன். மூச்சில் பாதி இன்னும் கைவசம் இருந்தது! கண் இமைக்கிற பொழுதுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று எனக்கே பிரமிப்பு. விலா இழுத்தது, இழுக்கட்டும்.

நான் ஒருவனைத் தொட்டதால் முருகன் மறுபடி உள்ளே வந்தான். கயிற்றோரம் நின்ற ஒருவர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"யாருப்பா இந்தப் புது ஆளு?"

முருகன் வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"பொறு மாப்ளே. இன்னொரு தடவ போய்ட்டு வந்து நானே சொல்றேன்."