செய்யாத ஜெபத்தைச் சொல்லப் போன வழி

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே சேலம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். நாமக்கல் பஸ் ஏழரைக்கு என்றார்கள். புறப்பட்டது எட்டே காலுக்கு. யுத்தத்தினால் பெட்ரோல் இல்லை. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டியை ஓட்டுகிறார்கள். ஓர் ஆள் பின்னால் நின்று விசிறிச் சக்கரத்தை வியர்க்க வியர்க்கச் சுற்றினால் கரி பிடிக்கும். நான் இறங்க வேண்டிய புதுச்சத்திரம் இருபத்து நாலு மைல். டிக்கட் பன்னிரண்டணா.

போகிற காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஆயாவாக இருக்கிறவள். பத்து மாதத்துக்கு முன்பு பாவாயி அம்மாள் என்கிற கவுண்டர் வீட்டு அம்மாள், வயிற்றில் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வார்டில் பதினோரு நாள் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் லாரி ஓட்டுவதற்காகப் பர்மா எல்லைப் பக்கம் போனான். வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அழாதீங்கம்மா, உங்க பையனுக்காகத் தினமும் ஜெபம் பண்றேன்” என்றேன். வார்டை விட்டுப் போகிறவர்களுக்கு அப்படிச் சொல்வது கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குப் பழக்கம். ஆலய வாசலிலும் சொல்லுவோம், கடிதத்தின் கடைசி வரியிலும் எழுதுவோம். சொல்லிவிட்டு நான் அடுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போய்விட்டேன். அன்றைக்கும் ஜெபம் செய்யவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு நாளும் செய்யவில்லை.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் ஆஸ்பத்திரி சமையற்கட்டுக்கு வந்தார். அவர் பாவாயி அம்மாளின் தோட்டத்து வீட்டிலும் நெய் வாங்குகிறவராம். அந்த அம்மாள் ‘சேலத்தம்மா’ என்று சொல்வது என்னைத்தான் என்று விசாரித்தறிந்து, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அந்தப் பையங்கிட்டருந்து நாலு மாசமாக் கடுதாசி இல்லீங்க. ஊரே அம்மனுக்கு நேர்ந்துக்கச் சொல்லுது. அந்தம்மா மாட்டேங்கறாங்க. சேலத்தம்மா அவங்க சாமிகிட்டத் தினமும் கேட்டுட்டு இருக்காங்க, ஒரே காரியத்தை ரெண்டு சாமிகிட்டக் கேட்டா ரெண்டுமே கையை உட்ருமுங்கறாங்க.”

அந்தப் பையனுக்காகத் தாய் தன் தெய்வத்திடம் வேண்டாமல் இருக்கிறாள், என்னை நம்பி. நானும் என் ஆண்டவரிடம் கேட்கவில்லை. பத்து மாதமாக அவனுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். “இன்னிக்கே முழங்கால் போட்டு ஆரம்பி. அதோட போச்சு” என்றார். “அங்க போய்ச் சொல்லிவெச்சா அந்தம்மா நேரே கோயிலுக்குத்தான் போகும். அதுல ஆண்டவருக்கு நல்ல பேரா?” அவர் படித்தவர். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. ஆனாலும் முழங்கால் போட்டபோது ஒரு வார்த்தை வரவில்லை. யாரை ஏமாற்றினேனோ அவரிடம் சொல்லாமல், ஏமாறாத ஆண்டவரிடம் போய் என்ன சொல்வது? காலையில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கொண்டலாம்பட்டி தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்து நெசவுக்காரப் பெண் என் கையைப் பார்த்தாள். முன் இருக்கையின் கம்பியை நான் விடாமல் பிடித்திருந்தேன்.

“ஆயா, அந்தக் கம்பியை உட்ருங்க. முறுக்கற முறுக்குல கையோட வந்துரும். எங்கீங்க போறீங்க?”

“புதுச்சத்திரம்.”

“நல்ல காரியமுங்களா, கெட்ட காரியமுங்களா?”

“இன்னும் தெரியலம்மா” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் மடியிலிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

ஒன்பதரை மணி. மல்லூருக்குச் சற்று முன்பு ஒரு மேடு. வண்டி பாதி ஏறி, இருமி, நின்றுவிட்டது. “ஆம்பளைங்க தள்ளுங்க, பொம்பளைங்க நடங்க!” என்று கண்டக்டர் கூவினார். தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் இறங்கிக்கொண்டே, “டிக்கட் எடுத்தது நானு, சவாரி போறது உன்ற வண்டியா?” என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நான் புழுதியில் நடந்தேன். வண்டி இனிக் கிளம்பாமலே போனால் நல்லது என்று என் மனம் ஆசைப்பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கிளம்பிவிட்டது.

ராசிபுரம் வந்தபோது பத்தே முக்கால். கிழக்கே போதமலை நீலமாக நிற்கிறது. கடைவீதியில் நெய் காய்ச்சுகிற வாசனையும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வாசனையும் கலந்து வருகிறது. வாழ்நாளெல்லாம் சேலத்தில் இருந்தும் இந்த ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்கிற மனமும் அன்று இல்லை. கரி நிரப்ப அரை மணி நேரம் நிறுத்தினார்கள். எதிரே சேலம் போகிற பஸ் ஒன்று, “சேலம், சேலம்” என்று அழைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இடமும் இருந்தது. நெசவுக்காரப் பெண் இறங்கிப் போகும்போது, “போயிட்டு வாரனுங்க ஆயா, எதுக்கும் பயப்படாதீங்க” என்றாள். என்ன காரியம் என்று தெரியாமல்தான் சொன்னாள். ஆனாலும் இறங்கி அந்த வண்டிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டேகால் மணிக்குப் புதுச்சத்திரம். அங்கிருந்து மேற்கே மண் பாதையில் இரண்டு மைல். திரும்பிப் பார்த்தால் நைனாமலை மொட்டையாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் நிலக்கடலைக் காடு. நடுநடுவே கமலைக் கிணறு, எருதுகள் பின்னும் முன்னுமாகப் போய்த் தண்ணீர் இறைக்கின்றன. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். “அம்மா, நான் சொன்னபடி செய்யலீங்க.” நாலே வார்த்தை. கடலைக் காட்டில் களை எடுத்த பெண்ணிடம் வழி கேட்கும்போது அந்த நாலும் மறந்துபோயின.

ஒரு மணி சுமாருக்கு வேலிப் படலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். நாய் குரைத்தது. பாவாயி அம்மாள் வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, சேலத்தம்மாளா! வாங்க, வாங்க. ஏ நங்கை, ஓடியா! நாஞ் சொன்னனே, என்ற பையனுக்குக் கும்பிடறாங்கன்னு, அவங்கதான்!”

நங்கை என்று அவர் அழைத்தது நாத்தனாரை. அந்த அம்மாள் முறத்தோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாடு கட்டும் கட்டுத்தறிக் கொட்டகை ஓரத்தில் நிழலில் நின்றேன். பாவாயி அம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். எங்கள் ஜாதியாருக்குக் கையில் ஊற்றிக் குடிக்கச் செய்வதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான்தான். அது ஆஸ்பத்திரி, இது ஊர்.

“இவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. உங்க சாமி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா.”

“பொறவு?”

“நான் ஜெபம் பண்ணலீங்கம்மா. தினமும் பண்றேன்னு உங்ககிட்டச் சொன்னேன். ஒரு நாளும் பண்ணல. நீங்க என்னை நம்பி நேர்ந்துக்காம இருக்கீங்கன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பாவாயி அம்மாள் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

“பத்து மாசமா?” என்றார்.

“ஆமாங்க.”

“அப்ப என்ற பையனுக்கு ஆருமே கேக்கலீங்களா?”

“இல்லீங்க.”

“நாந்தான் அன்னிக்கே சொன்னனே, வேதக்காரங்க பேச்சை நம்பாதீன்னு” என்றார் நாத்தனார்.

பாவாயி அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்து, “அவம் பேராச்சும் தெரியுமுங்களா உங்களுக்கு?” என்றார்.

எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. பதினோரு நாளும் ‘உங்க பையன்’ என்றே சொல்லியிருக்கிறேன். தெரியாது என்று தலையை அசைத்தேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் நின்றேன். சேலம் போகிற பஸ் புதுச்சத்திரத்தில் நாலு மணிக்கு என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. நாத்தனார் முறத்தில் கொள்ளைப் புடைத்துக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு புடைப்பும் என்மேல் விழுகிற மாதிரி. உபதேசியார் மனைவி சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன். ஒரு தாய்க்கு இருந்த கொஞ்சம் தைரியத்தையும் பஸ் ஏறி வந்து பறித்துவிட்டேனோ? காலடியில் இருந்த நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

பிறகு அவர் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். மஞ்சள் நீரில் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து, எனக்குத் தெரியும்படியாகவே, நிலைவாசல் ஆணியில் கட்டினார். அம்மனுக்கு நேர்ந்துகொண்டாகிவிட்டது. நான் கும்பிட்டு விடைபெறப் போனேன்.

“எங்கீங்க போறீங்க?” என்று படியிறங்கிக் கட்டுத்தறிக்கே வந்தார். “நாச்சிமுத்து. அதுதான் அவம் பேரு. எங்க அம்மன் பேரு. உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா?”

“மாட்டாருங்க.”

“அப்ப இப்பவே கேளுங்க. வாய் உட்டுக் கேளுங்க. எனக்குக் கேக்கோணும்.”

“ஒரே காரியத்துக்கு ரெண்டு சாமி கூடாதுன்னு சொன்னீங்களாமே?”

“பத்து மாசம் ஆருமில்லாம இருந்துட்டான். இப்ப ரெண்டு பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

சபையில் நான் வாய்விட்டு ஜெபம் செய்ததில்லை. மற்றவர்கள் செய்வார்கள், நான் ஆமென் சொல்லுவேன். சாணமும் வைக்கோலும் கிடந்த அந்த இடத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடினேன். “ஆண்டவரே, நாச்சிமுத்து... பாவாயி அம்மாள் மகன்... பட்டாளத்துல லாரி ஓட்டறான்...” அதற்குமேல் தெரியவில்லை.

“வலப் புருவத்துல தழும்பு இருக்குதுன்னு சொல்லுங்க” என்றது பாவாயி அம்மாளின் குரல், என் காதருகே. “பட்டாளத்துல இன்னொரு நாச்சிமுத்து இருந்துட்டா?”

சொன்னேன்.

“பனி ஆகாது அவனுக்கு. நெஞ்சுல சளி கட்டிக்கும்.”

அதையும் சொன்னேன்.

முறத்தின் சத்தம் நின்றிருந்தது. “தண்ணியைக் கண்டா எறங்கிருவான்” என்றார் நாத்தனார் எட்ட இருந்தபடியே. “ஆறு கீறு இருந்தா எறங்காமப் பாத்துக்கச் சொல்லுங்க.”

அதையும் ஆண்டவரிடம் சொன்னேன். நான் ஜெபம் செய்யாத பத்து மாதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

பாவாயி அம்மாள் வேலிப் படல் வரைக்கும் கூட வந்தார். “உங்க மேல எனக்குக் கோவம் போகலீங்க. சொல்லிப்போட்டேன்” என்றார்.

“சரிங்கம்மா.”

“இனித் தினமும் கேப்பீங்களா?”

கேட்பேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. மறுபடியும் வாக்குக் கொடுக்கப் பயமாக இருந்தது. “கேக்கறேங்க. விட்டுப்போனா, விட்டுப்போச்சுன்னு கார்டு எழுதிப் போட்டுடறேன்” என்றேன். அவர் படலைச் சாத்தினார்.

நாலு மணி பஸ் நாலரைக்கு வந்தது. சேலம் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். போன வழியில் பார்த்த காடு, மலை, கிணறு ஒன்றையும் வரும் வழியில் பார்க்கவில்லை. பெயரும் தழும்பும் சளியும் ஆறும் மறந்துவிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஆலய வாசலில் ஞாயிறுதோறும் எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெபத்தில் நினைச்சுக்கங்க” என்கிறார்கள்! “என்ன பேரு, என்ன காரியம்?” என்று இப்போது கேட்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு கார்டு எழுதினேன். “வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்ததால் நாச்சிமுத்துவுக்கு ஜெபம் விட்டுப்போயிற்று. மன்னிக்க வேண்டும்.” எட்டாம் நாள் பதில் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்தில்: “கடுதாசி இன்னும் வரவில்லை. அந்த வியாழக்கிழமைக்கு உங்களுக்குப் பதிலாக நான் கேட்டுக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பாவாயி.”