அரைமாசம் சொன்ன சாட்சி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. விரிப்பு மடிக்கும்போது எதிர்முனையைப் பிடிப்பவள் கொஞ்சம் தளரவிட்டால் போதும், "ராத்திரி சோறு திங்கலையா?" என்று கேட்டுவிடுவாள். ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வாள்.

அந்த ஆளை எல்லோரும் அரைமாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையிலும் அதற்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. காவலுக்குப் போனால் தூங்கிவிடுவான். கடையில் நிறுத்தினால் வாங்க வந்தவர்களோடு ஊர்க்கதை பேசி முதலாளியின் பொறுமையைச் சோதிப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. உருப்படாதவன், அவ்வளவுதான்.

இவனைக் காப்பாற்றப் போய்த்தான் அக்காவின் புருஷன் செத்துப்போனார். தொழிற்சாலையின் நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன் விஷவாயுவில் மயங்கி விழுந்தான். அங்கே குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் உள்ளே இறங்கி, இவனைத் தோளில் தூக்கி மேலே நீட்டினார். மேலே நின்றவர்கள் இவனை இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தபோது அவர் விழுந்து கிடந்தார்.

அதன் பிறகு பத்து வருஷமாக அக்கா அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று காதில் விழுந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவாள். போய்விட்டது என்றால் வயிறு எரியும். இவனுக்காகவா அவர் போனார்? இவன் ஒழுங்காக வாழ்ந்து காட்டினால்தான் அவருடைய சாவு வீண்போகவில்லை என்று அவள் மனசு ஆறும்.

அதனால்தான், அவருக்காகச் சர்ச்சில் நடக்கும் இந்த வருஷ நினைவு ஆராதனையில், கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சொல்லும் சாட்சியை அவனைச் சொல்ல வைக்கலாமா என்று போதகர் கேட்டதும் உடனே தலையாட்டினாள். முதல் தடவையாக அரைமாசத்தைத் தாண்டி, அவன் ஒரு தச்சுப்பட்டறையில் சேர்ந்து இரண்டு மாசம் ஓடிவிட்டதாகக் கேள்வி. அதை அவன் வாயாலேயே சபை கேட்கட்டும் என்று நினைத்தாள்.

பாட்டு முடிந்ததும் அவன் முன்னால் போய் நின்று, சட்டைப் பித்தானைத் திருகினான்.

"பட்டறையில நேத்து நிறுத்திட்டாங்க," என்றான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "வருஷா வருஷம் இங்க வந்து உக்காந்தா எல்லாரும் என்னைத்தான் பாக்குறீங்க. ஏன்னு எனக்கும் தெரியும். அண்ணன் என்னை அங்கேயே விட்டிருக்கலாம். இனிமே நான் வரல. அக்கா மன்னிக்கணும்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். போதகர் வேதப்புத்தகத்தைப் புரட்டினார். எந்தப் பக்கமும் கைகொடுக்கவில்லை.

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அவன் தன்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. புருஷன் தூக்கிவிட்டவனைப் பத்து வருஷமாகத் தானே மறுபடி தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

"நில்லுடா தம்பி," என்று எழுந்தாள். "நீ வேலைக்குச் சேந்ததே அன்னைக்குக் காலையிலதான். உன் பேருகூட அவருக்குத் தெரியாது. உள்ள ஒருத்தன் கிடக்கான்னாங்க, இறங்கிட்டாரு. நீ பின்னாடி உருப்படுவியான்னு விசாரிச்சிட்டா இறங்கினாரு? அவர் கேக்காததை நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பிறகு சபையைப் பார்த்தாள். "சிலுவையில தொங்கினவரு நம்ம யோக்கியதையப் பாத்துத்தான் தொங்கினாரா? அப்படிப் பாத்திருந்தா இங்க யாரு தேறுவோம்?"

அவன் பக்கம் திரும்பி, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"வந்து என் பக்கத்துல உக்காரு. வேலை இருக்கோ இல்லையோ, அடுத்த வருஷமும் வரணும்."

அவன் வந்து உட்கார்ந்தான். போதகர் இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் அப்பத்தைப் பிட்டு ஜெபித்தார். அக்கா கண்ணை மூடினாள். இத்தனை வருஷமும் இந்த நாளில் கண்ணை மூடினால் இவன்தான் வந்து நிற்பான், வேலை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு. இன்று அவள் புருஷன் வந்தார், அன்று காலை வேலைக்குக் கிளம்பிய மாதிரியே. சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டி, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அழுதாள். புருஷனுக்காக மட்டும் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.