லாலாகுடாவில் நான் கேட்ட கேள்வி

ஆடி பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை படவேட்டு அம்மன் சந்நிதியில் திருநீறு வாங்கி மடித்துக்கொண்டு, ஆரணியில் சென்னைப் பேருந்து ஏறினேன். மாலை ஆறு மணிக்கு ரயில். ஹைதராபாத் ஏறக்குறைய எழுநூற்றெண்பது கிலோமீட்டர். படுக்கை வசதிக்கு நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஆரணியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை உண்டு. அதை மனைவி பார்த்துக்கொண்டாள்.

மகள் கலைவாணியைப் பார்க்கத்தான் போனேன். அங்கே ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறாள். ஒரு தேசம் எப்படி உண்டாகிறது, அங்கங்கே இருந்து வந்த ஜனங்களுக்கு நாமெல்லாம் ஒன்று என்ற எண்ணம் எப்படி வருகிறது, இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான் எட்டாவது வரை படித்தவன். மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீடுகளில் இதைச் சொன்னால், "தேசம்தான் எப்பவோ உண்டாயிடுச்சே, பொண்ணு இன்னும் என்னங்க படிக்குது?" என்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பள்ளிக்கூடங்களில் காலையில் கொடி ஏற்றிப் பாடுகிறார்களே, அதைப் பற்றி எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். அதற்கப்புறம் ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். ஒரு புத்தகம் வந்துவிட்டால் நிரந்தரம் ஆக வழி உண்டு என்று சொல்லியிருந்தாள். அந்தப் புத்தகத்தை இந்த மாதக் கடைசிக்குள் பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குச் செகந்திராபாத்தில் இறங்கினேன். குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டதும் "லாலாகுடா போகணும்ப்பா, வர்றீங்களா?" என்றாள். மறுபடியும் செகந்திராபாத்துக்கே பேருந்து. போவன்பள்ளியில் காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டதால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் அவள் வேலை எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

"லாலாகுடாவுல ரயில்வே பட்டறை இருக்குதுப்பா. நம்ம பக்கத்து ஆளுங்க, தெலுங்குக்காரங்க, மராத்திக்காரங்க, உருது பேசறவங்க எல்லாம் ஒரே குவார்ட்டர்ஸ். ஒரே சங்குக்கு எழுந்து ஓடியிருக்காங்க. அது அவங்களை என்ன பண்ணுச்சுன்னுதான் எழுதறேன்."

அவளுக்கு ஒரு வழக்கம். ஒருவர் சொன்னதை எழுதிய பிறகு, அவருக்கே படித்துக் காட்டுவாள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவாள். எல்லாருக்கும் காட்டியாயிற்று, ஒருவர்தான் பாக்கி. பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னதுதான் புத்தகத்துக்கு நடு அத்தியாயம்.

நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது கேட்டார்கள். "நக்கோ பையா, எண்பது" என்று அந்த ஊர் உருதுவில் வேண்டாம் சொல்லிவிட்டு என் மகள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஓட்டுநர் சிரித்தபடி வண்டியை எடுத்தார்.

ஏழுமலையின் வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. சுவரில் எல்லம்மா படம். எங்கள் படவேட்டு ரேணுகாம்பாளைத்தான் அங்கே எல்லம்மா என்று கும்பிடுகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி நிகிதா டீ கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மாநில அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த வேலைகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான்.

"தீஸ்கோண்டி அங்கிள்" என்று தெலுங்கில் சொல்லி டம்ளரை நீட்டினாள்.

ஏழுமலையோ அசல் நம் ஜில்லாத் தமிழ் பேசினார். அத்தனை தூரம் வந்து அந்தப் பேச்சைக் கேட்டதில் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரி இருக்குதே. உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"லாலாகுடா."

"அது சரி. பூர்வீகம்?"

"அதான் சொன்னேனே."

நிகிதா தாத்தாவைப் பார்த்தாள். வாணி என்னைப் பார்த்தாள். நம்மில் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது இதைத்தானே என்று நினைத்து டீயைக் குடித்தேன்.

வாணி மடிக்கணினியைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். அவருடைய அப்பா வேலைக்கு வந்தது, மழைக் காலத்தில் குவார்ட்டர்ஸ் ஒழுகியபோது பக்கத்து வீட்டு உருதுக் குடும்பத்தோடு ஒரே அறையில் படுத்தது, எல்லாம் கண்முன் நிற்கிற மாதிரி எழுதியிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது வேணாம்மா."

"ஊர்ப் பேரை மட்டும் எடுத்துடட்டுமா தாத்தா?"

"நான் சொன்னது எதுவுமே வேணாம். பேரை மாத்தினாலும் பட்டறைக்காரன் எவனும் இது என்னைப் பத்தித்தான்னு சொல்லிடுவான். நாளைக்கு இவளுக்கு வேலை வர்ற நேரம், வெளியூர்க்காரின்னு ஒருத்தன் கிளம்புவான்."

"நிகிதா இங்கயே பிறந்து இங்கயே படிச்சவ. சட்டப்படி லோக்கல்தானே தாத்தா."

"சட்டம் எனக்கும் தெரியும்மா. கேக்கறவன் வாய்தான் பயம். உங்கப்பா நல்ல மனுஷன். அவரே உக்காந்ததும் அதைத்தானே கேட்டாரு."

டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நிகிதா வந்து வாங்கிக்கொண்டாள்.

வாணி கணினியை நிகிதாவின் பக்கம் திருப்பி, "நீயே பாரு" என்று சொல்லி, அவர் சொன்னது முழுவதையும் அழித்தாள். ஒலிப்பதிவையும் அழித்தாள். அவர் கொடுத்த இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "அவர் சொன்னதுல பாதியாவது உனக்கு ஞாபகம் இருக்குமே. மறைச்சு எழுதினா யாருக்கும்மா தெரியும்?"

"அவருக்குத் தெரியும்ப்பா."

"அப்ப வேலை?"

"அந்த அத்தியாயம் இல்லாம புஸ்தகம் நிக்காது. வேற ஆளுங்ககிட்ட போய் உக்காரணும். இந்த வருஷம் முடியாது."

"நான் கேட்டதாலதானே?"

"நீங்க கேக்கலன்னாலும் வேற யாராச்சும் கேட்டிருப்பாங்க" என்றாள். கோபம் இல்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே 'போனாலு' என்கிற அம்மன் திருவிழா. பெண்கள் சோறு நிரப்பிய பானையை வேப்பிலை கட்டித் தலையில் வைத்து, மேலே விளக்கேற்றி அம்மன் கோயிலுக்குப் போகிறார்கள். நம் ஊர் ஆடிக் கூழ் எனக்கு நினைவு வந்தது. வாணியும் நானும் போயிருந்த லாலாகுடா கோயிலில் நிகிதாவும் பானை சுமந்து வந்தாள். கூடவே ஏழுமலை. என்னைக் கண்டதும் "வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வாணிக்காகக் கொண்டுபோன திருநீற்றை அப்படியே அவரிடம் நீட்டினேன். எந்தக் கோயில் என்று அவரும் கேட்கவில்லை. நெற்றியில் பூசிக்கொண்டு, பேத்திக்கும் பூசி, மீதியைக் கைக்குட்டையில் முடிந்தார். பிறகு என் காதோரம் குனிந்து ஒன்று சொன்னார்.

திங்கள் மாலை ரயில் ஏற்றிவிட வாணி வந்தாள். "ஆடிக்கு வர்றியாம்மா?" என்றதற்கு, "புதுசா நாலு வீட்டுல வந்து பேசச் சொல்லியிருக்காங்கப்பா, ஏழுமலை தாத்தாதான் அவங்ககிட்ட சொல்லிவிட்டாரு" என்றாள். அவள் முகம் அப்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. எதிர் இருக்கையில் நடுவயதுத் தமிழர் ஒருவர் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, "ஐயாவுக்குச் சொந்த ஊரு?" என்றார். ஆரணி என்றேன். நானும் திருப்பிக் கேட்பேன் என்று அவர் முகம் காத்திருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் ஏழுமலைக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். பெயர்களோடு மற்ற அடையாளங்களையும் மாற்றியது அவருக்குப் பிடித்திருந்தது. கோயிலில் என் காதோரம் சொன்னதை நான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.