அண்ணி காத்த குளிர்

வெயில் ஏறுவதற்கு முன்னால், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று ஏசியின் வெளிப்பெட்டிக்கு அண்ணி குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுவார். செடிக்கு ஊற்றுவதுபோல மெதுவாக, மேலிருந்து கீழாக. பெட்டியின் முதுகில் சீப்புப் பற்கள்போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள் உண்டு. வேகமாக ஊற்றினால் அவை மடங்கிவிடும். எங்கள் வீடு குருசுக்குப்பம் மீனவர் குடியிருப்பை ஒட்டிய தெருவில் இருந்தது. கடற்காற்று கொண்டுவந்து அந்தத் தகடுகளில் படியவைத்த உப்பு தண்ணீரோடு கரைந்து மாடித் தரையில் ஓடிக் காயும்போது வெள்ளைக் கோடாக நிற்கும். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் ஒருமுறை, "மிஷினுக்கு அபிஷேகமா?" என்று கேட்டார். அண்ணி சிரித்துவைத்தார். விளக்கம் சொல்லும் பழக்கத்தை அதற்கு வெகுநாள் முன்பே அவர் விட்டுவிட்டிருந்தார்.

அண்ணன் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தான். கல்யாணம் ஆன மறு வருடம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. காயமென்று பெரிதாக எதுவும் இல்லை, ரத்தம்கூட அதிகமில்லை. கழுத்தெலும்பு மட்டும் உடைந்து தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, தலையும் தோளும் கொஞ்சம் வலது கையும்தான் அவன் சொல் கேட்டன. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்துப் படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "இவருக்கு இனிமே தோளுக்குக் கீழ வேர்க்காது. வெளியில சூடு ஏறுனா உடம்புலயும் ஏறும். அது தானா இறங்காது. நம்ம ஊரு வெயில்ல ரூமைக் குளிர்ச்சியா வெச்சுக்கலன்னா ஆபத்து. ரொம்பக் குளிர்ந்தாலும் தாங்க மாட்டாரு."

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. அதுவரை கூடத்தில் ஓடும் ஒரு மின்விசிறியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அண்ணி அந்த அறையை இருபத்தாறு டிகிரியில் வைத்துக்கொண்டார். அண்ணனின் நெற்றியையும் அக்குளையும் தொட்டுப் பார்த்து ஒன்று ஏற்றுவார், ஒன்று இறக்குவார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அறைக்குள் நுழைந்ததும், "அப்பாடா, என்னமா இருக்கு" என்பார்கள். வெளியே போனதும், "அவளுக்கென்ன, ஏசியில உக்காந்திருக்கா" என்பார்கள். அம்மாவுக்கு அந்தக் குளிர் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சின்ன வயதில் அண்ணனுக்கு இழுப்பு இருந்தது. பனி பட்டால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். மார்கழியில் அவன் தலைக்குத் துண்டு கட்டி வளர்த்தவள் அவள். அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். ஆனாலும் மாடியில் வெளிப்பெட்டி வெயிலில் காய்கிறதே என்று, பழைய பாய் ஒன்றைக் கொண்டுபோய் அதன்மேல் நாலு பக்கமும் போர்த்திக் கட்டியதும் அவள்தான்.

இரண்டாவது கோடையின் கத்திரி வெயிலில் ஒருநாள் முற்பகல் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, குளிர் மட்டும் வரவில்லை. சர்வீஸ் செய்யும் பாய்க்கு அண்ணி போன்மேல் போன் போட்டார். ஊரில் எல்லா வீட்டு ஏசிகளும் அந்த வாரத்தில்தான் படுத்திருந்தன. சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றார் பாய். மத்தியானம் அண்ணன் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. பேச்சு குழறியது. துணியை நனைத்து நனைத்துப் போட்டோம்; போட்ட துணி சூடாகிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியும் வரத் தாமதமானது. என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அண்ணி இரண்டு பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் கடற்கரைப் பக்கம் ஓடினார்.

மீன் பெட்டிகளுக்குப் போட வைத்திருந்த ஐஸை அங்கிருந்த பெண்கள் உடைத்து அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் தானும் ஒரு அன்னக்கூடையில் ஐஸைச் சுமந்துகொண்டு வீடுவரை வந்தார். அண்ணனின் அக்குளிலும் இடுப்பிலும் கழுத்தின் இரு பக்கமும் துணியில் சுற்றி வைத்தோம். அறை முழுக்க மீன் வாடை. வெகு நேரம் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"என்ன, என்னையும் மீன் ஏலத்துக்கு விட்டுட்டீங்களா?" என்றான்.

ஐஸ் கொண்டுவந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணி அழவில்லை. அடுத்த துணியைப் பிழிந்தார். பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் காய்ச்சல் பார்த்துவிட்டு, சூடு இறங்கிவிட்டது, இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருட்டுவதற்குள் பாய் வந்தார். முதலில் வெளிப்பெட்டிமேல் அம்மா கட்டியிருந்த கோரைப்பாயை அவிழ்த்து எறிந்தார். "மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா எப்படிம்மா ஓடும்? உள்ள இருக்கற சூட்டை இதுதான வெளியில தள்ளணும்?" என்றார். ஆனால் பழுது அது மட்டுமல்ல. உப்பு தின்று குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்து, காஸ் வெகுநாளாகக் கசிந்திருக்கிறது. அதை அடைத்துக் கொடுக்கும்வரை ஓடட்டும் என்று கடையில் கிடந்த பழைய மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். போகும்போது, கடலோரத்து வீட்டில் இப்படித்தான், தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கூட நாள் வரும் என்றார். அன்றிலிருந்து அண்ணி ஏசியை அண்ணனைப்போலவே பார்த்துக்கொண்டார். வாரம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்துவார். தண்ணீர் வடியும் குழாயில் சொட்டு நின்றால் ஊதிப் பார்ப்பார். குழாயில் வெள்ளையாக ஐஸ் பிடித்தால் அது குளிர் அல்ல, நோய் என்பதை எனக்கும் சொல்லித் தந்தார்.

நாலாவது கோடையில் அண்ணன் அதைக் கேட்டான். நான் அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வயதான யாரோ பேசுவதுபோல இருந்தது அவன் குரல்.

"ஏசிய நிறுத்திட்டு நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு. ஒரு மத்தியானம் போதும். யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அண்ணி தலையணையைத் தட்டிச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கெழம ஃபில்டர் கழுவ நிறுத்துவேன்," என்றார் அண்ணி. "காஞ்சதும் போட்டுருவேன். அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

அவன் மறுபடி கேட்டானா என்று எனக்குத் தெரியாது. என் காதுபடக் கேட்கவில்லை.

வெயிலுக்குப் பயந்து நாங்கள் எல்லாக் கதவையும் அடைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவன் போனது அந்த வருட ஐப்பசி அடைமழையில். சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. நடுக்கம் வந்தது. பல் கிட்டிக்கொள்ள, குளிருது குளிருது என்றான். அவன் வாயிலிருந்து அம்மா கேட்ட கடைசி வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது, அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னாள்.

"குளிர வெச்சே எம்புள்ளைய முடிச்சிட்டியேடி."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சித்தி அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள். அண்ணி அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்து கொஞ்சம் தள்ளிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். காரியம் முடிந்ததும் அவருடைய அண்ணன் வந்து கூட்டிப்போனார். அண்ணி வாசலில் நின்று, "வர்றேன் அத்தை," என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் பலமுறை சொன்னேன். கிருமியால் வந்த நடுக்கம், அறைக் குளிரால் வந்ததில்லை என்றேன். அம்மா தலையாட்டுவாள். "நீ படிச்சவ, சொல்ற," என்பாள். போன வருடம் அவளும் போய்விட்டாள். சொன்ன வார்த்தையை அவள் கடைசிவரை திரும்ப எடுக்கவில்லை. அண்ணியைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் நான் வில்லியனூருக்குப் போய் அண்ணியைப் பார்த்தேன். தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் உதவியாளராக வேலை. காதோரம் நரைத்திருந்தது. அம்மா கடைசியில் எப்படி இருந்தாள், சாப்பிட்டாளா, வலி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா அன்னிக்கு சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி. அது கிருமியால வந்தது. டாக்டரே சொன்னாரு."

"தெரியும். என்கிட்டதான சொன்னாரு," என்றார்.

பிறகு என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். 

"அவருக்கு நடுக்கம் வந்த அன்னிக்கு மழைன்னு இருபத்தெட்டுல வெச்சேன். அதுக்கு முந்தின நாளே ஏத்தியிருக்கணுமோன்னு இன்னமும் ராத்திரியில முழிப்பு வந்துடுது. அத்தை சொல்லலன்னாலும் அந்த முழிப்பு வந்திருக்கும்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "தெரிஞ்சா மட்டும் போதுமா?"

 காபி ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.